தாம் காணாத விளக்கை ஏற்றியவர்
சர் சேஷாத்திரி ஐயர் வாழ்க்கை வரலாறு



நாம் வாழும் பிளசன்டன் நகருக்குக் கிழக்கே ஆல்டமான்ட் குன்றுகளில் காற்றாலைகள் சுழல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தெற்கே சிறிது தொலைவு சென்றால் சுனோல் பள்ளத்தாக்கு வருகிறது. சியரா நெவாடா மலையில் ஹெட்ச் ஹெட்சி என்னும் இடத்தில் தேக்கிய நீர் அப்பள்ளத்தாக்கின் வழியாகத்தான் குழாய்களில் சான் பிரான்சிஸ்கோவை நோக்கிச் செல்கிறது. மலையிலிருந்து இறங்கும் வழியில் மொக்கசின் முதலிய மின்நிலையங்களில் அந்நீர் சுழலிகளைச் சுழற்றி மின்சாரத்தையும் தந்துவிட்டே கீழே வருகிறது. மலையும் நீரும் கூடினால் ஒளி பிறக்கும் என்பதைக் கலிபோர்னியாவில் வாழும் நாம் நன்கு அறிவோம்.

தென்னிந்தியாவில் இவ்வுண்மையைப் பெரிய அளவில் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் யார்? பாலக்காட்டில் பிறந்து, சென்னையில் பயின்று, மைசூர் நாட்டின் திவானாக விளங்கிய சர் கு. சேஷாத்திரி ஐயர் ஆவார். அவர் பொறியியல் பயின்றவர் அல்லர்; சட்டம் படித்தவர். எனினும், காவிரியின் அருவியைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் பணியை நாட்டின் பொறுப்பில் தொடங்கி வைத்தார். அதன் பயனைக் காணும் முன்னரே கண்மூடினார். இம்மாமனிதரின் வாழ்க்கை வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பாலக்காட்டுச் சிறுவன்

சேஷாத்திரி ஐயர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் பாலக்காட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் அனந்தநாராயண ஐயர் வழக்கறிஞர். குழந்தை தவழும் பருவத்திலேயே தந்தையார் காலமானார். ஆதலின், மூத்த தாயின் மகனான தமையனாரின் ஆதரவிலே சேஷாத்திரி வளர்ந்தார்.

கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் பள்ளிக் கல்வி பெற்ற அவர் படிப்பில் முதன்மையாக விளங்கி உதவித்தொகை பெற்றார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1866இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் தென்னிந்தியாவில் பட்டதாரிகளின் தொகை மிகக் குறைவு. பட்டம் பெற்ற இளைஞர்களை அரசாங்கமே தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவரும் கோழிக்கோட்டில் அரசுப் பணியில் அமர்ந்தார்.

தந்தையை அறியாது வளர்ந்த பிள்ளை, தமையனின் அன்பையும் கல்வியின் துணையையும் கொண்டு தன் காலில் நின்றான் என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

மைசூருக்கு வந்தார்

அக்காலத்தில் மைசூர் நாடு ஆங்கிலேய ஆணையர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கே உயர்பதவி வகித்தவர் செங்கற்பட்டு மாவட்டத்தவரான ரங்காச்சார்லு. இளைஞர் சேஷாத்திரியின் திறமையை முன்பே அறிந்திருந்த அவர், 1868இல் அவரை மைசூர்ப் பணிக்கு வரவழைத்துக்கொண்டார். நீதித்துறையில் சிரஸ்ததாராகப் பணி தொடங்கிய சேஷாத்திரி ஐயர், பணியில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1874இல் பி.எல். பட்டமும் பெற்றார். பிறகு மாவட்ட நிர்வாகம், நீதிபதி எனப் பல பொறுப்புகளை வகித்து, நாட்டின் ஏரிகளையும் ஊர்களையும் வழக்குகளையும் நேரிற் கண்டு தெளிந்தார்.

1881ஆம் ஆண்டு மார்ச் மாதம் மைசூர் ஆட்சி மீண்டும் அரச குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இளம் மன்னர் சாமராஜேந்திர உடையார் அரியணை ஏறினார். ரங்காச்சார்லு முதல் திவானாகி, மக்கள் பிரதிநிதிகள் கூடும் பேரவை ஒன்றை ஏற்படுத்தினார். ஆனால் 1883 ஜனவரியில் அவர் மறைந்தார். அவ்விடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், முப்பத்தேழு வயதே நிரம்பிய சேஷாத்திரி ஐயர். மைசூர்த் திவான்களுள் அவரைப் போல் நீண்ட காலம், அதாவது 18 ஆண்டுகள், பதவி வகித்தவர் வேறொருவர் இலர்.

பஞ்சமும் கடனும்

அவர் ஏற்றது மலர்ப்படுக்கையன்று. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மைசூரை நிலைகுலையச் செய்திருந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்குச் சற்று மேலாக இருந்த மக்கள் தொகை, 1881இல் 42 லட்சத்துக்கும் குறைந்திருந்தது. பஞ்ச காலத்தில் வாங்கிய கடன் ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய் நாட்டின் தலைமேல் இருந்தது.

பசியால் மக்கள் மடிந்த நாட்டில் ஆட்சியாளரின் முதற்கடமை எது? மழை பொய்த்தாலும் மக்கள் உயிர் பிழைக்க வழி செய்வதே. சேஷாத்திரி ஐயர் மூன்று துறைகளில் ஊக்கமாக உழைத்தார். முதலாவது, ஏரிகளும் கால்வாய்களும். சித்திரதுர்க்கப் பகுதியில் வேதாவதி ஆற்றின் குறுக்கே மாரிகணிவே என்னும் இடத்தில் பெரும் அணை ஒன்றின் கட்டுமானம் அவர் காலத்தில்தான் தொடங்கிற்று. இரண்டாவது, இருப்புப்பாதை. பஞ்சம் வந்தால் தானியம் விரைந்து செல்ல வேண்டுமன்றோ! மூன்றாவது, விளைச்சலை மட்டும் நம்பியிராத புதிய வருவாய்.

சில ஆண்டுகளில் கடன் தீர்ந்தது, வருவாய் பெருகிற்று. பெங்களூருக்குக் குழாய்வழிக் குடிநீர் கிடைத்தது. 1898இல் பெங்களூரில் கொள்ளைநோய் பரவியபோது, நெருக்கமான தெருக்களிலிருந்து மக்கள் காற்றோட்டமான இடங்களுக்குச் செல்லும் பொருட்டு பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய பகுதிகள் உருவாக்கப்பட்டன.

எனினும் அவரைக் குறை கூறியோரும் உண்டு. அவர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர். உயர்பதவிகளில் சென்னை மாகாணத்தவர்க்கே இடம் தருகிறார் என்று மைசூர் மக்களிற் பலர் வருந்தினர். அக்குறையில் நியாயம் இல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது. பிறந்த மண்ணைவிட்டு வந்து வேறொரு மண்ணில் உயர்ந்தவர் எவரும் எதிர்கொள்ளும் கேள்வி அது: இந்த மண்ணுக்கு நீ என்ன செய்தாய்? அக்கேள்விக்கு அவர் விட்டுச்சென்ற விடைகளுள் மிகப் பெரியது காவிரிக் கரையில் நிற்கிறது.

பொன் விளைந்த பாறை

மைசூரின் கிழக்கெல்லையில் கோலார்ப் பகுதியில் பாறைகளுக்கிடையே தங்கம் இருந்தது. பழங்காலத்திலேயே அங்குத் தோண்டியிருக்கிறார்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் மேற்பார்வையில் ஆங்கிலேயக் குழுமங்கள் அங்கே ஆழ்சுரங்கம் தோண்டலாயின. சேஷாத்திரி ஐயர் திவானான சில காலத்திலேயே வளமான தங்கப் படிவம் தென்பட்டது. எடுக்கப்பட்ட பொன்னுக்கு ஒரு பங்குத்தொகை அரசின் கருவூலத்தில் சேர்ந்தது. 1894இல் சுரங்கப் பகுதிக்கு இருப்புப்பாதையும் வந்தது.

அச்சுரங்கங்களில் உழைத்தவர்கள் யார் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்களுள் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். வெயிலும் காற்றும் எட்டாத ஆழத்தில் பாறையை உடைத்துப் பொன் எடுத்தவர்கள் அவர்களே. பாறை வெடிப்பும் நுண்தூசியும் அவர்களுள் பலரின் உயிரைக் குடித்தன. கோலார்த் தங்கவயலில் இன்றும் தமிழ் ஒலிப்பதற்கு அந்தக் குடியேற்றமே காரணம்.

சுரங்கம் ஆழ ஆழ, எந்திரங்களின் தேவையும் பெருகிற்று. பாறையைப் பொடியாக்கவும், நீரை வெளியேற்றவும், ஆட்களையும் கற்களையும் மேலே தூக்கவும் நீராவி எந்திரங்கள் இயங்கின. அவற்றிற்கு விறகு வேண்டும், நிலக்கரி வேண்டும். விறகுக்காகச் சுற்றுக் காடுகள் அழிந்தன. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து வரவேண்டும். செலவு ஏறிக்கொண்டே சென்றது. இந்நிலையில்தான் காவிரி நினைவுக்கு வந்தாள்.

இருவகையாகப் பிரிந்த காவிரி

குடகு மலையில் பிறந்த காவிரி மைசூர் மேட்டுநிலத்தில் அமைதியாகப் பாய்கிறாள். சீரங்கப்பட்டணத்தைக் கடந்து, சிவசமுத்திரம் என்னும் இடத்தை அடைந்ததும் இரண்டு கிளைகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு தீவை அணைத்துக்கொண்டு, மேட்டுநிலத்தின் விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கில் குதிக்கிறாள். மேற்குக் கிளையின் அருவி ககனசுக்கி. கிழக்குக் கிளையின் அருவி பரசுக்கி. அத்தீவில் அரங்கநாதர் கோயில் ஒன்று உண்டு. சீரங்கப்பட்டணம் ஆதியரங்கம், இது மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம் என மூன்று அரங்கங்களையும் ஒரே ஆற்றின் மாலையில் கோத்த மலர்களாகப் பெரியோர் போற்றுவர்.

இன்னொரு செய்தியும் தமிழர்க்கு உரியது. அந்நாளில் ஆறே அங்கு எல்லையாக இருந்தது. ஒரு பக்கம் மைசூர் நாடு; மறுபக்கம் சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த கொள்ளேகால் வட்டம். 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோதுதான் கொள்ளேகால் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே, காவிரியில் மைசூர் அரசு எதனைச் செய்தாலும் கீழே தஞ்சை வரை உள்ள உழவர்களின் நலனும் அதில் கலந்திருந்தது. சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்த 1892ஆம் ஆண்டிலேயே மைசூருக்கும் சென்னைக்கும் இடையே ஆற்றுநீர் பற்றிய முதல் உடன்படிக்கை ஏற்பட்டது குறிப்பிடத்தக்கது.

நீர் மின்சாரமாவது எவ்வாறு?

மாணவர்களே, சற்றே கணக்குப் பார்ப்போம். நீரிலிருந்து கிடைக்கும் ஆற்றலுக்கு இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, நொடிக்கு எவ்வளவு நீர் வருகிறது என்பது. மற்றொன்று, அது எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பது. நொடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது 1,000 கிலோ நீர், 120 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கிச் சுழலியைச் சுழற்றினால், இடையில் ஏற்படும் இழப்புகள் போக ஏறத்தாழ 1,000 கிலோவாட் மின்திறன் கிடைக்கும். உயரம் மிகுந்தால் சிறிதளவு நீரே போதும். மலைநாடுகள் நீர்மின்சாரத்துக்கு ஏற்றவையாக இருப்பதன் காரணம் இதுவே.

சிவசமுத்திரத்தில் சுழலிக்குக் கிடைத்த வீழ்ச்சி ஏறத்தாழ 400 அடி, அஃதாவது மேற்சொன்ன 120 மீட்டர். அங்கே பெரிய அணை கட்டவில்லை. அருவிக்கு மேலே தாழ்வான தடுப்பு ஒன்றைக் கட்டி, நீரின் ஒரு பகுதியைக் கால்வாயில் திருப்பி, மலைச்சரிவில் இரும்புக் குழாய்களில் இறக்கி, சுழலிகளைச் சுழற்றியபின் மீண்டும் ஆற்றிலேயே விட்டார்கள். ஊர் எதுவும் மூழ்கவில்லை, ஆற்றுநீர் செலவாகவில்லை, எரிபொருளும் தேவையில்லை.

மின்சாரம் எடுப்பது ஒரு பாதி. அதனைத் தொலைவுக்கு அனுப்புவது மற்றொரு பாதி. கம்பியில் மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பமாக வீணாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலின் மின்னழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புதல் வேண்டும். இவ்வித்தையில் அன்று உலகுக்கு வழிகாட்டிய இடங்களுள் ஒன்று நம் கலிபோர்னியா. 1895இல் ஃபால்சம் மின்நிலையத்திலிருந்து சாக்ரமென்டோ நகருக்கு 22 மைல் தொலைவு மின்சாரம் சென்றது. இந்தியாவிலோ 1897இல் டார்ஜிலிங் மலையில் சித்ராபாங் என்னும் இடத்தில் 130 கிலோவாட் அளவில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் தோன்றியிருந்தது. சிவசமுத்திரத்திலிருந்து கோலார்ச் சுரங்கத்துக்குத் தொலைவு எவ்வளவு தெரியுமா? 92 மைல்!

துணிவும் கணக்கும்

அருவியின் ஆற்றலைப் பயன்படுத்த உரிமை கேட்டுத் தனியார் சிலர் முன்னரே அரசை அணுகியிருந்தனர். உரிமையைக் கொடுத்துவிட்டுக் கிடைப்பதைப் பெற்றுக்கொள்வது எளிய வழி. சேஷாத்திரி ஐயர் அவ்வழியை ஏற்கவில்லை. அருவி நாட்டின் உடைமை. ஆதலின் அதன் பயனும் நாட்டின் கருவூலத்துக்கே வரவேண்டும் என்பது அவர் முடிவு.

மைசூர்ப் பொதுப்பணித் துறையில் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த ஜோலி டி லோட்பினியர், கனடா நாட்டில் கியூபெக் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தவர். அரச பொறியியல் படை அதிகாரி. அவர் திட்டத்தை வகுத்தார். திவான் அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, நடைமுறையில் இருந்த மின்நிலையங்களை நேரிற் பார்த்துவரச் செய்தார். மின் எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடமும், சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திடமும் வாங்க ஏற்பாடாயிற்று.

அந்நாளில் இது பெருந்துணிச்சல். 1894 டிசம்பரில் மன்னர் சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் திடீரென மறைந்திருந்தார். இளவரசர் கிருஷ்ணராஜர் பத்து வயதுச் சிறுவர். அன்னை மகாராணி வாணிவிலாசர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். பஞ்சத்திலிருந்து மீண்டு இருபதாண்டே கடந்திருந்த நாடு. அப்படிப்பட்ட நாட்டின் பணத்தை, இந்தியாவில் எவரும் இவ்வளவு தொலைவுக்குச் செய்துபார்த்திராத ஒரு முயற்சியில் இடுவது தகுமா? மழை குறைந்தால் என்ன ஆகும்? இடியும் மின்னலும் கம்பிகளைத் தாக்கினால் என்ன ஆகும்? தோல்வியுற்றால் பழி எவர் தலைமேல் விழும் என்பதில் ஐயமே இல்லை. வெளியூரிலிருந்து வந்த திவான் நாட்டின் பணத்தைக் காற்றில் விட்டார் என்றே ஊர் பேசும்.

சேஷாத்திரி ஐயர் வெறும் துணிவை மட்டும் நம்பவில்லை, கணக்கையும் நம்பினார். அடித்தளம் இடுமுன்னரே வாங்குவோரைத் தேடினார். மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாகச் சுரங்கக் குழுமங்களிடம் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். தொடக்கத்தில் விலை கூடுதலாகவும், பிற்பாடு குறைவாகவும் அவ்வொப்பந்தம் அமைந்தது. அதனால் போட்ட முதல் விரைவில் திரும்பிவர வழி ஏற்பட்டது. சுரங்கத்தாருக்கும் நிலக்கரியைவிட இது மலிவாக இருந்தது. இரு சாராருக்கும் நன்மை தரும் திட்டமே நீடித்து நிற்கும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் வேலை தொடங்கிற்று. கடல் கடந்து வந்த எந்திரப் பகுதிகள் இருப்புப்பாதை வழியே வந்தன. பின்னர் அருவிக்கரை வரை மண்சாலையில் அவற்றை இழுத்துச் செல்லவேண்டியிருந்தது. செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் மின்நிலையம் எழுந்தது. காடும் மேடும் கடந்து 92 மைலுக்குக் கம்பங்கள் நடப்பட்டன. பெயர் எங்கும் பொறிக்கப்படாத ஆயிரக்கணக்கான கூலியாட்களின் வியர்வை அதில் கலந்திருக்கிறது.

காணாத ஒளி

பதினெட்டு ஆண்டு இடைவிடாத உழைப்பு திவானின் உடலைத் தளர்த்தியிருந்தது. 1901ஆம் ஆண்டில் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் 13ஆம் நாள், ஐம்பத்தாறாம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது கம்பிகளில் மின்சாரம் பாயவில்லை.

1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் சிவசமுத்திரத்தின் சுழலிகள் சுழன்றன. காவிரியின் ஆற்றல் 92 மைல் கடந்து கோலார்ச் சுரங்கத்தின் எந்திரங்களை இயக்கிற்று. ஏறத்தாழ 4,000 குதிரைத் திறன் அங்கே சென்று சேர்ந்தது. உலகிலேயே மிக நீளமான மின்தடம் அதுவே என்று சிலர் எழுதுவதுண்டு. உண்மையில் 1901இலேயே கலிபோர்னியாவின் கோல்கேட் மின்நிலையத்திலிருந்து ஓக்லண்ட் நகருக்கு 142 மைல் நீளத் தடம் அமைந்துவிட்டது. எனினும் ஆசியாவில் அதற்கு ஈடாக அன்று ஏதும் இல்லை. நம் ஊருக்கு அருகிலுள்ள ஓக்லண்டும், காவிரிக்கரைச் சிவசமுத்திரமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வித்தையைப் பயின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

மின்சாரம் பாய்ந்த சில வாரங்களில், 1902 ஆகஸ்டு மாதம் இளவரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் ஏற்ற நாடு கடன் சுமந்த பஞ்ச நாடாக இல்லை; தன் ஆற்றிலிருந்து வருவாய் காணும் நாடாக இருந்தது.

1905இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. கப்பன் பூங்காவில் சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபம் எழுந்தது; இன்று மாநில மைய நூலகம் இயங்குவது அங்கேதான். அவர் பெயரால் சேஷாத்திரிபுரம் என்னும் பகுதியும் பெங்களூரில் விளங்குகிறது.

அருவிக்குப் பின்

ஒரு நல்ல செயல் அடுத்த கேள்வியை எழுப்புவது இயல்பு. அணையின்றி ஓடும் நீரை நம்பியதால், கோடையில் ஆறு மெலிந்தபோது மின்சாரமும் மெலிந்தது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக நீர் வேண்டும் என்னும் தேவையும், பாசனத் தேவையும் சேர்ந்து, விசுவேசுவரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கிற்று. அதனையொட்டி மைசூருக்கும் சென்னைக்கும் இடையே எழுந்த வழக்கு 1924ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒருவாறு அமைந்தது. அப்பிணக்கு முற்றும் தீராமல் நம் காலம்வரை தொடர்ந்து வந்ததை நாம் அறிவோம். ஆற்றிலிருந்து ஒளியை எடுக்கலாம். கீழே உள்ளவனின் வயலையும் நினைத்தே எடுக்கவேண்டும் என்பது இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சிவசமுத்திரத்தின் மின்சாரம் முதலில் சென்றது ஏழையின் குடிசைக்கு அன்று. அயல்நாட்டார் நடத்திய பொற்சுரங்கத்துக்கு. மைசூர்ச் சிற்றூர்கள் மின்விளக்கைக் காண மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆயினும் அந்த முதல் வருவாயும் அதில் கிடைத்த பட்டறிவுமே பின்னாளில் ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல வழிவகுத்தன.

இந்த வழியைப் பிற மலைகளும் பின்பற்றின. லோட்பினியர் பிறகு காசுமீரம் சென்று, ஜீலம் ஆற்றின் நீரைக் கொண்டு மொகூரா மின்நிலையத்தை அமைத்தார். தமிழகத்தின் நீலகிரியில் 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அங்கே நீர் இறங்கும் உயரம் 3,000 அடிக்கும் மேற்பட்டது. அம்மின்சாரத்தால்தான் கோயமுத்தூரில் ஆலைகள் பெருகின. கிணறுகளில் மின் இறைவைகள் ஓடின. இத்தகைய உயர் வீழ்ச்சிக்கு ஏற்ற கிண்ணச் சக்கரத்தைக் கண்டவர் லெஸ்டர் பெல்டன். அவர் பொன் தேடிக் கலிபோர்னியா மலைக்கு வந்து, அங்கே தச்சு வேலையில் இறங்கியவர்! மலையும் பொன்னும் நீரும் கோலாரையும் கலிபோர்னியாவையும் எவ்வாறெல்லாம் பிணைக்கின்றன, பாருங்கள்.

கோலார்ச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் மூடப்பட்டன. நூறாண்டுக்கு மேலாகத் தோண்டிய பொன், தோண்டியெடுப்பது கட்டுப்படியாகாத நிலையை அடைந்தது. ஆனால் காவிரி ஆண்டுதோறும் புதிய நீரோடு வருகிறாள். எடுக்க எடுக்கக் குறையும் செல்வம் ஒன்று. ஆண்டுதோறும் திரும்பி வரும் செல்வம் மற்றொன்று. முன்னதற்காகப் பின்னதைக் கட்டினார்கள்; நின்று நிலைத்தது பின்னதே.

நிறைவாக

இந்நாளில் மலைப்பகுதியில் ஒரு நீர்மின் திட்டத்தை வகுப்போர் பல கேள்விகளை ஆராய்கிறார்கள். ஆற்றில் எவ்வளவு நீரை விட்டுவைக்க வேண்டும்? ஊர் மூழ்குமா? காடு அழியுமா? கீழே உள்ளோருக்கு என்ன ஆகும்? முதல் திரும்புமா? இவற்றுள் சில கேள்விகளை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு விடை கண்டவர் சேஷாத்திரி ஐயர். சிலவற்றை அவர் நமக்காக விட்டுச் சென்றிருக்கிறார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பெற்றோரும் சேஷாத்திரி ஐயரைப் போலவே பிறந்த ஊரை விட்டு வேற்றூருக்கு வந்தவர்கள். நீங்கள் இம்மண்ணிலேயே பிறந்து வளர்கிறீர்கள். இந்த மண்ணுக்கு நீ என்ன செய்தாய் என்னும் கேள்வி ஒருநாள் உங்களிடமும் வரும். அதற்கு விடை சொல்ல நெடும் பேச்சு வேண்டியதில்லை. உங்களுக்குப் பின்வருவோர் வெளிச்சத்தில் அமர்ந்து படிக்கும்படி ஒரு செயலைத் தொடங்கி வைத்தால் போதும். அது முடிவதைக் காணும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டாமலும் போகலாம். சேஷாத்திரி ஐயருக்கும் கிட்டவில்லை. ஆயினும் பெங்களூரில் விளக்கு எரிந்தது.

அடுத்த முறை சுனோல் வழியே காரில் செல்லும்போது, மலையிலிருந்து வரும் நீரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே காவிரியையும், அதன் கரையில் நின்று வருங்காலத்தைக் கணக்கிட்ட பாலக்காட்டுத் தமிழர் ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!